கண்ணுக்குத் தெரியாத சுவர்

அந்தச் சனிக்கிழமை சவரியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரியலூரில் பஸ் ஏறியதிலிருந்து பெரம்பலூரில் இறங்கும்வரை முட்டியைத் தட்டிக்கொண்டே வந்தார். சுண்ணாம்புக்கல் குவாரியில் காலமெல்லாம் டிப்பர் ஓட்டிய மனுஷன். போன மாசம் அவர் கண்ணெதிரே, கழிவு மண் கொட்ட ரிவர்ஸில் போன, கூட வேலை பார்த்த நடராசனின் வண்டி, மேட்டு விளிம்பு சரிந்து கவிழ்ந்தது. நடராசன் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து விளிம்புப் பக்கம் ரிவர்ஸ் எடுத்தாலே சவரியாருக்குக் கால் வெடவெடக்கிறது. திங்கட்கிழமையும் வண்டி எடுக்காவிட்டால் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாற்காலியைத் தேய்க்கவா பிறந்தார் அவர்?

மகள் ஜெயராணி பெரம்பலூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். உயரத்துக்குப் பயந்தவர்களைக் கம்ப்யூட்டர் வரைந்த பாலத்தில் நிற்கவைத்தே அமெரிக்காவில் பயத்தைத் தெளியவைத்தார்களாம். அதை எங்கோ படித்துவிட்டாள், போதாதா? பழைய வீடியோ கேமராக்களில் கழற்றிய இரண்டு குட்டித் திரைகளை ஒரு ஹெல்மெட்டுக்குள் பொருத்தினாள். அப்பாவின் குவாரியையே கம்ப்யூட்டரில் வரைந்தாள். கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக்கூடாது.

காலேஜ் லேபில் சவரியார் அதை மாட்டிக்கொண்டு, வீடியோ கேம் ஸ்டியரிங்கைப் பிடித்து, அதன் பெடலில் கால் வைத்தார். தலையைத் திருப்பினால் குவாரி ஒரு நொடி கழித்துத்தான் திரும்பியது. ஆனாலும் அதே மண்மேடு, அதே சரிவு. ரிவர்ஸ் எடுத்தார், கால் வெடவெடத்தது. விளிம்பில் வண்டி தானாக நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடியும் தானாக நின்றது. கடுப்பாகி ஆக்ஸிலேட்டரை ஒரே மிதி மிதித்தார். அப்போதும் நின்றது.

"ஏம்மா, இது விழவே விழாதா?"

"விழாதுப்பா. அங்க ஒரு சுவர் வச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியாது."

"குவாரியில அந்தச் சுவர் இருக்கா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு வச்ச?"

"நீங்க விழுறத என்னால பாக்க முடியலப்பா. படத்துலகூட."

சவரியார் ஹெல்மெட்டை மேலே தூக்கி மகளைப் பார்த்தார். மறுபடி இறக்கிக்கொண்டார்.

"எடுத்துடும்மா," என்றார்.

எடுத்தாள். இந்த முறை வண்டி விளிம்பைத் தாண்டியது. வானமும் மண்ணும் இடம் மாறின. சவரியார் ஹெல்மெட்டைப் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"போதும்ப்பா. வாங்க, வூட்டுக்குப் போவலாம். கேட்டு வேலையே பாத்துக்கலாம்."

"மாட்டு," என்றார்.

ஜெயராணி மாட்டிவிட்டு, மானிட்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நகத்தைக் கடித்தாள். என்ஜின் இரைச்சல் ஏறியது. பிரேக் பெடல் தரையோடு மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"திரும்பிப் பாரு ராணி."

மானிட்டரில் பின் டயர் விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. அங்கே சுவர் இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிடு, திங்கக்கிழம எனக்குச் சோறு கட்டச் சொல்லி," என்றார் சவரியார். அவர் கால் ஆடாமல் இருந்தது.

ஜெயராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவளுக்குத்தான் கால் வெடவெடத்தது.