தலைவரின் எடை

எங்கள் ஊரில் கூட்டம் என்றால் யாரும் பேசமாட்டோம். வாயைத் திறப்பது தற்பெருமை என்று ஃபின்லாந்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் முன்னோர் முடிவு செய்துவிட்டார்கள். அது சரியா என்று கேட்கவும் இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே கல்லறைக் கமிட்டித் தலைவர் அர்விட் ரவுத்தியோ "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் காபிக் கோப்பைக்குள் பார்ப்போம். அவர் அதை ஏகமனதான ஆதரவு என்று குறித்துக்கொள்வார். இப்படியே பல வருடங்களாக அவர் தலைவராக இருந்தார். இப்படியே ஒரு கோடையில், சரளைக்கல் பாதையாக இருந்த கல்லறை மேட்டுக்குப் பளபளவென்று தார் போட்டோம். மேட்டின் அடிவாரத்தில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே பாதை தொடங்குகிறது. அதில் ஒரு தூணில், தார் போட்டவர்களின் பெயர் எதுவும் இல்லாமல், போடச் சொன்னவரின் பெயர் மட்டும் பித்தளையில் மின்னியது.

இலையுதிர்காலக் கூட்டத்தில் பனி தள்ளும் தோட்ட டிராக்டர் பற்றிப் பேச்சு வந்தது. அதாவது, தலைவர் பேசினார்.

"இனிமே சங்கிலி கிடையாது. வழுக்காம இருக்கன்னு டயர்ல சங்கிலி சுத்தினா புதுத் தாரு கீறிப்போகும். புது டயர் வாங்கியாச்சு, அதுவே பிடிச்சுக்கும். அப்புறம் பாரத்துக்குன்னு வைக்கற அந்த மணல் மூட்டை. சவ ஊர்வலத்துக்கு முன்னால போற வண்டி பின்னால மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போனா என்ன மரியாதை? ஆட்சேபம் உண்டா?"

கோப்பைகளைப் பார்த்தோம். சங்கிலி தேவாலயச் சந்தையில் விலைபோனது. வாங்கியவர் அதில் படகைக் கட்டி வைத்தார். மணல் மூட்டைகளை யாரோ எங்கோ போட்டார்கள், அவற்றின் மேல் பனி விழுந்தது.

ஜனவரியில் சைமா காங்கஸ் இறந்தாள்.

கமிட்டிக் கூட்டங்களுக்கெல்லாம் காபி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தவள் அவள். தலைவரின் குறிப்புகளில் அவள் பெயர் வந்ததில்லை. 'சிற்றுண்டி வழங்கப்பட்டது' என்றுதான் இருக்கும். கடைசி இரண்டு மாதம் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே தன் கணவன் வில்பர்ட்டிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இங்கேர்ந்து கூட்டிட்டுப் போனப்புறம் திரும்ப இந்த டவுனுக்கு அனுப்பிடாத."

குளிர்காலத்தில் எங்கள் மண் மண்வெட்டிக்கு மசியாது. மண் இளகும்வரை, இறந்தவர்கள் மேட்டின் உச்சியில் இருக்கும் கல்லறைக்கூடத்தில் காத்திருப்பார்கள். கூடத்துக்கு ஏற முடியாவிட்டால், சவப்பெட்டி நகரத்துக்கே திரும்பிப்போய் வசந்தம்வரை அங்கே குளிர்பெட்டியில் கிடக்கும். வில்பர்ட்டின் கவலை அதுதான்.

சவ அடக்கத்தன்று பாதையில் பனி முழங்காலளவு கிடந்தது. பெரிய வண்டிகளின் பனித்தகடு தூண்களுக்கு நடுவே நுழையாது. தோட்ட டிராக்டர் ஒன்றுதான் வழி. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து சவ வண்டி தூண்களருகே வந்து நின்றது. ஓட்டுநர் ஏரிப்பக்கம் கறுத்துவரும் வானத்தைப் பார்த்தார்.

"மறுபடி கொட்டப்போகுது. அதுக்குள்ள நான் டவுன் ரோட்டைப் பிடிச்சாகணும். வழி ஆகலைன்னா இவங்களைத் திரும்பக் கொண்டுபோறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

வில்பர்ட் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

டிராக்டரைத் தலைவரே ஓட்டினார். நீளக் கறுப்புக் கோட்டும் ரோமத் தொப்பியுமாக, படைக்குத் தலைமை தாங்குபவர்போல் அமர்ந்து கிளப்பினார். முன்தகடு பனியில் இறங்கியது. பின்சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே வெகு வேகமாகச் சுழன்றன. டிராக்டர் மெல்லப் பக்கவாட்டில் வழுக்கி, பித்தளைப் பலகை இருந்த தூணுக்கு மரியாதை செலுத்துவதுபோல் மூக்கை அதன் அருகே வைத்து நின்றது.

"இன்னிக்குப் பனியோட தரம் சரியில்ல" என்றார் தலைவர்.

"பனிக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு" என்றாள் சைமாவின் அக்கா ஹெல்வி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். "அடியில இருக்கற தாருதான் கண்ணாடி மாதிரி இருக்கு. சரளையா இருந்தப்போ ஒருதரம் இப்படி ஆச்சா?"

"அது வந்து, ஹெல்வி, நவீன முறையில..."

"நவீனம் தூணை முட்டிக்கிட்டு நிக்குது, பாரு."

நாங்கள் கைகளைக் கோட்டுப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றோம். போதகர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கால் மாற்றி நின்றார். வில்பர்ட் மட்டும் சாலையைக் கடந்து தன் வீட்டின் பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது இரு கைகளிலும் வாளிகள். நிறையச் சாம்பல்.

"ஏது இவ்வளவு?" என்றாள் ஹெல்வி.

"நேத்து சவுனா அடுப்பு போட்டேன்."

ஹெல்விக்குப் புரிந்தது. எங்களில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுவது முன்பெல்லாம் சவுனா என்கிற அந்த நீராவிக் குளியலறையில்தான். இப்போது அதை நகரத்தில் வேறு யாரோ செய்துவிடுகிறார்கள். ஆனாலும் வில்பர்ட் அடுப்பை மூட்டி, தண்ணீர் காய்ச்சி, துண்டை மடித்துவைத்து, வராதவளுக்காக உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

சக்கரங்களுக்கு முன்னால் சாம்பலைக் கைகையாக அள்ளித் தூவினார். கறுப்புத் தாரில் அது வெள்ளையாக அப்பிக்கொண்டது.

"வில்பர்ட், அது கறை..." என்று தொடங்கிய தலைவர், எங்கள் முகங்களைப் பார்த்து மீதியை விழுங்கினார்.

"எறங்கு அர்விட். நான் ஓட்டறேன்" என்றார் வில்பர்ட்.

இந்தமுறை சக்கரம் பிடித்தது. டிராக்டர் நகர்ந்தது, பனி ஓரமாகப் புரண்டது. ஆனால் ஏற்றம் தொடங்கியதும் மறுபடி சுழற்சி. வில்பர்ட் ஒல்லி, ஈரக்கோட்டோடு சேர்த்தாலும் ஒரு மூட்டை தேறமாட்டார்.

ஹெல்வி குனிந்து பார்த்தாள். "பாரமெல்லாம் தகட்டுல, முன்னால இருக்கு. பின்னால ஒண்ணுமேயில்ல. பின்னால அழுத்தறதுக்கு நல்ல கனமா ஒண்ணு வேணும்."

எல்லாருடைய கண்களும், எந்த ஏற்பாடும் இல்லாமல், ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தலைவர் நல்ல ஆகிருதி. கமிட்டி நாற்காலிகளில் கைப்பிடி இல்லாத ஒன்றை அவருக்கென்றே தனியாக வைத்திருந்தோம்.

"ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டாள் ஹெல்வி.

தலைவர் குனிந்தார். பார்ப்பதற்குக் கையில் கோப்பை இல்லை. ஏகமனதாக நிறைவேறியது.

மூட்டை கட்டும் பலகை டிராக்டரின் பின்னால் இன்னும் இருந்தது. அதில் முன்பக்கம் பார்த்து உட்கார வழியில்லை. தலைவர் கோட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். சக்கரங்கள் அமுங்கின. டிராக்டர் ஏறியது. நான் பக்கத்தில் நடந்து, வாளியிலிருந்து சாம்பலைத் தூவிக்கொண்டே போனேன். வழி ஆக ஆக, சவ வண்டி பின்தொடர்ந்தது. அதன் முகப்புக் கண்ணாடிக்கு நேரெதிரே, தலைவர் பின்னோக்கியபடியே மேலேறிக்கொண்டிருந்தார். சவ வண்டியைத் தவிர அவரால் வேறெங்கும் பார்க்க முடியாது. கொஞ்ச தூரம் போனதும் ரோமத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காது சிவந்தது. திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

வளைவில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது.

"இன்னும் கொஞ்சம் அமுங்கி உக்காரு, அர்விட்" என்றார் வில்பர்ட், திரும்பாமல்.

அமுங்கினார். வண்டி மறுபடி பிடித்தது. சற்று நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

"ஏலக்காய் தாராளமாப் போடுவா, சைமா."

"ஆமா."

"வேற யாரு ரொட்டியிலயும் அந்த வாசனை வராது."

"நீ ஒவ்வொரு கூட்டத்துலயும் நாலு துண்டு தின்னே" என்றார் வில்பர்ட்.

டிராக்டர் முனகிக்கொண்டு ஏறியது.

"ஒரு துண்டும் வீண்போகல" என்றார் வில்பர்ட்.

உச்சியில் கூடத்தின் கதவு திறந்திருந்தது. பெட்டியைச் சுமப்பவர்கள் வழுக்காமலிருக்க, கடைசிச் சாம்பலை வில்பர்ட் வாசற்கல்லில் தூவினார். தூக்கியவர்களில் தலைவரும் ஒருவர். அவருடைய கால்சட்டையின் பின்பக்கம் பனியில் விறைத்து, நடக்கும்போது தகரம்போல் சத்தமிட்டது. யாரும் சிரிக்கவில்லை. போதகர் சுருக்கமாகவே ஜெபித்தார். வில்பர்ட் கதவைச் சாத்தி, உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஏரியிலிருந்து முதல் பனித்துகள்கள் வரத் தொடங்கின. சவ வண்டி காலியாக நகரத்துக்குக் கிளம்பியது.

இறங்கும்போது பின்னால் பாரம் தேவையில்லை. அது தலைவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் போய் அதே பலகையில், கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். வில்பர்ட் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மெதுவாக வண்டியை எடுத்தார்.