டை ஊறுகிற அரை மணி நேரம்

...முப்பது நிமிடம் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது, மெற்றில்டா எப்போதும் முப்பத்தைந்து வைப்பாள், ஐந்து நிமிடம் கூட விட்டால் காதோரத்து நரையும் பிடிக்கும் என்பாள், அதனால் நானும் சமையல் மணிக்கூட்டை முப்பத்தைந்துக்கே திருகி வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருக்கிறேன். தோளில் பழைய துவாய், நெற்றியோரம் வாஸலின் பூச்சு, இரண்டு கையிலும் பிளாஸ்ரிக் உறை. தலையின் பின்பக்கம் எனக்கு எட்டவில்லை, எட்டின வரைக்கும் பூசினேன், பின்னால் என்ன கோலத்தில் இருக்கிறதோ தெரியாது. ஆறு வருடமாக என் பின்தலையை அவளும் அவளின் பின்தலையை நானும்தான் பார்த்து வந்தோம். ஆறு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு பெட்டி, இரண்டு தலை. இன்றைக்குத் தனியாக இருந்து குழைத்துப் பூசி முடித்த பிறகு பார்த்தால் கிண்ணத்தில் அரைவாசி மிச்சம். முழுப் பெட்டியையும் குழைத்திருக்கிறேன். அதைப் பார்த்து ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை, சிங்கில் வைத்துவிட்டேன்.

பத்து மணி தாண்டிப் பத்து நிமிடம். ரெலிபோன் இன்னும் அடிக்கவில்லை. அது அடிக்க வேண்டிய நேரம் பத்து, இரண்டே இரண்டு தடவை மணி அடிக்கும், இரண்டோடு கட் ஆகிவிடும், நான் எடுக்கத் தேவையில்லை, அதுதான் எங்கள் ஒப்பந்தம். சான்ட்விச் ஃபக்டரியில் இரண்டு பேரும் பின்னேர ஷிப்ட் செய்த காலத்தில் தொடங்கியது. இரவு பஸ்ஸில் அவள் ஃபாரஸ்ட் கேட்டில் இறங்குவாள், நான் ஈஸ்ட் ஹாமுக்கு வருவேன், வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தவள் இரண்டு மணி அடித்து வைத்தால் பத்திரமாக வந்துவிட்டாள் என்று அர்த்தம், காசும் இல்லை, கதையும் இல்லை. போன வருடம் அவளுக்கு வருத்தம், லேசான நோய் இல்லை என்று தெரிந்து வேலையை விட்ட பிறகு அந்த மணி காலை பத்துக்கு மாறியது. இன்றைக்கும் எழும்பிவிட்டேன் என்று அர்த்தம். அதை அவள் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். மூன்றாவது மணி அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும், ஆனால் மூன்றாவது மணி ஒரு நாளும் அடித்ததில்லை. அடிக்காதபடியால் நானும் எடுத்ததில்லை... ஆறு மாதம். பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிடத்தில் அவள் வீடு.

போகாமலும் இல்லை, ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன், திராட்சைப்பழத்தோடு, என் கணவர் தியாகராஜா கட்டிலுக்கு வலப்பக்கம் நின்று பெற்றோல் ஸ்ரேஷனில் நடந்த கதை ஒன்றைச் சொன்னார், நான் கால்மாட்டில் நின்று அவளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன், சரியாக இருந்த போர்வையை. தலையில் ஒரு ஊதாத் துணி கட்டியிருந்தாள். "இனி டைக்காசு மிச்சம், சிவனேஸ்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வரும் வழியில் அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன், வரவில்லை, அப்டன் பார்க்கில் இறங்கிப் பாகற்காய் வாங்கினோம். அதற்குப் பிறகு குளிர், பிறகு தை பிறந்தது, பிறகு ஃபக்டரியில் ஆள் குறைப்பு... ஏதோ ஒன்று.

ஒரு மணிக்கு, பெரியபிள்ளையாகிவிட்ட லலிதா மகளின் சாமத்தியச் சடங்கு, அதற்குத்தான் இந்த டை. கிழமை முழுவதும் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வெள்ளரிக்காய்த் துண்டு அடுக்குகிறவளுக்கு நரை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ஆனால் ஹோலில் வீடியோக்காரன் லைட்டை நேரே உச்சியில்தான் அடிப்பான், அந்தக் கசெற் கனடாவுக்குப் போகும், அங்கே மச்சாள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, சிவனேஸ் நல்லாய்த் தளர்ந்து போனாள் என்று ரொறன்ரோ முழுக்கச் சொல்லி முடிப்பாள். மெற்றில்டாவும் நானும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் பூசுவோம். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் சாமத்தியச் சடங்குக்கு வருவாள், மாவிளக்கு ஆராத்தி எல்லாம் பார்த்துவிட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருந்து வடையை எனக்குத் தள்ளிவிடுவாள். இன்றைக்கு ஹோலில் பத்துப் பேராவது கேட்பார்கள், மெற்றில்டா எப்படி இருக்கிறா என்று. "இப்ப நல்ல முன்னேற்றம், சாப்பாடு பிடிக்குதாம்" என்று சொல்வேன். போன மாதம் ஒரு கல்யாணத்திலும் அப்படித்தான் சொன்னேன். சாப்பாடு பிடிக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு மணிதான் தெரியும். இரண்டு மணியை வைத்துக்கொண்டு ஈஸ்ட் ஹாம் முழுவதற்கும் அவளின் சுகத்தை அறிவித்துக்கொண்டு திரிகிறேன், கேட்கிறவர்கள் என் கையைப் பிடித்து, நீங்கள் இருக்கிறபடியால் அவவுக்கு ஆறுதல் என்று வேறு சொல்கிறார்கள்.

பத்தே கால். உச்சி எரிகிறது. எரிகிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான், வேறு யாரோ ஒருத்தியின் தலை போல. குளிக்கும்போதும் இப்போது அப்படித்தான், மார்பை அவசரமாகக் கழுவிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். ஃபிறிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே என் பெயருக்கு வந்த கடிதம் இருக்கிறது, ஐம்பது வயது தாண்டிய பெண்கள் மார்பைப் படம் எடுத்துப் பார்க்க வரச்சொல்லி. திகதி போய் மூன்று கிழமை. தியாகராஜா அதன் மேல் ரிவி லைசென்ஸ் கடிதத்தை வைத்துவிட்டார், நானும் எடுக்கவில்லை.

இந்தக் கதிரையில்தான் அவள் இருந்தாள். போன பங்குனி. தலையில் டை ஊறிக்கொண்டிருக்க என் கை உறையைக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்துத் தன் அக்குளுக்குக் கீழே வைத்தாள். "இஞ்சை ஒருக்காத் தொட்டுப் பாரும்." தொட்டேன். ஊறின கடலை மாதிரி, அவ்வளவுதான் இருக்கும், விரலுக்குக் கீழே நழுவியது. அவள் ஏதோ கேட்டாள், அந்த நேரம் பார்த்து மணிக்கூடு அடித்தது, நான் "எனக்கும் உதுமாதிரி ஒண்டு வந்தது, தானாப் போட்டுது" என்றேன். எனக்கு ஒன்றும் வந்ததில்லை. பயப்படுகிறாளே, ஆறுதலுக்கு ஒரு வார்த்தை, யாரும் சொல்கிற வார்த்தைதானே... அவள் ஐந்து மாதம் கழித்துத்தான் டொக்டரிடம் போனாள். ஐந்து மாதம் என்பதை அவளும் சொல்லிக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு கோபமாவது பட்டிருந்தால் நான் போய்க் காலில் விழுந்திருக்கலாம். அவள் இரண்டு மணி அடித்து வைக்கிறாள்.

இன்றைக்கு அதுவும் இல்லை. பத்து இருபது. நானே எடுத்துப் பார்த்தால் என்ன, இரண்டு மணி அடித்து வைத்தால் என்ன, உறையோடு எப்படி எண்ணைச் சுற்றுவது, கழற்றினால் கை கறுக்கும், கறுத்தால் ஹோலில்... என்ன யோசிக்கிறேன் நான்? அவளுக்கு ஏதாவது நடந்திருந்தால்? நடந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். யார் சொல்வது, எல்லோரும் என்னிடமல்லவா கேட்கிறார்கள்.

அடிக்கிறது. ஒன்று. மூச்சு விட்டேன். இரண்டு. சரி, எழும்பிவிட்டாள், இன்றைக்குத் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன், இந்தச் சொல்லுக்காக எனக்குப் பாவம் கிடைக்கட்டும், அப்படித்தான் நினைத்தேன். மூன்று. நான் எழும்பிவிட்டேன். நான்கு. வீட்டு நடைச் சுவரில் கையை ஊன்றிவிட்டேன் போல, வெள்ளைச் சுவரில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. எடுத்தேன்.

"எடுப்பீரோ மாட்டீரோ எண்டு நினைச்சன்" என்றாள் மெற்றில்டா. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் அவளின் குரல்தான். "தலைமயிர் ஒரு விரல்க்கடை வளந்திட்டுது, சிவனேஸ். முழுக்க வெள்ளை, பஞ்சு மாதிரி. நீர் கண்டால் சிரிப்பீர்." நான் ம் என்றேன். "திங்கக்கிழமை மூண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கினம். எல்லாம் போட்டுதோ, இன்னும் கிடக்கோ எண்டு அண்டைக்குத்தான் சொல்லுவினம். தனியப் போய் இருந்து கேக்க ஏலாமல் கிடக்கு. வாறீரோ?"

வாறீரோ. இதைத்தான் கேட்டாள். பங்குனியில், இந்த வீட்டில், மணிக்கூடு அடிக்க அடிக்க, என் கையைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு. புதன்கிழமை டொக்டரிட்டைப் போகப் போறன், தனியப் போகப் பயமாக் கிடக்கு, வாறீரோ? இது என்னவாக இருக்கும் என்று அவள் கேட்கவே இல்லை. ஆறுதலும் கேட்கவில்லை. புதன்கிழமை எனக்கு ஷிப்ட், ஆள் மாற்றிவிட வேண்டும், சுப்பவைசரிடம் கெஞ்ச வேண்டும், அலுப்பாக இருந்தது, அதனால்தான் தானாகப் போய்விடும் என்றேன். அலுப்பு. பதினொரு மாதமாக அதற்கு ஆறுதல் என்று பெயர் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை எனக்கு லீவு நாள். ஆறு வருடமாகத் திங்கட்கிழமை லீவு, அது அவளுக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். "திங்கக்கிழமை..." என்றேன், அதற்குப் பிறகு ஷிப்ட் என்ற சொல் நாக்கில் வந்து நிற்கிறது, நான் கூப்பிடவில்லை, தானாகவே வந்து நிற்கிறது. குசினியில் மணிக்கூடு அடிக்கத் தொடங்கிவிட்டது. துவாயில் இருந்து ஒரு சொட்டு ரெலிபோன் மேசையில் விழுந்தது.

"மணிக்கூடு அடிக்குது, டை காய்ஞ்சு போகும்" என்றாள் மெற்றில்டா. "போய்க் கழுவிப்போட்டு வந்து சொல்லும். நான் வைக்கேல்லை, லைனில நிக்கிறன்."

நான் இன்னும் கழுவப் போகவில்லை.