பதினொண்ணு இருபது

சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வண்டி இன்னும் தெரு முனையைத் தாண்டவில்லை. அதற்குள் செந்தமிழ்செல்வன் பெஞ்சில் கிடத்தியிருந்த பிணத்தின் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தான்.

"என்னா மச்சான் பண்றீங்க?" கொளஞ்சி அவன் தோளைப் பிடித்தான்.

"கைய எடு மாப்ள. ஒங்கண்ணன் என்னாத்த ஊத்திக்கினு போனான்னு பாக்கறேன்."

"அது ஆஸ்பத்திரி மருந்து வாடை."

"மருந்து! ரோட்டுல பிரேக் புடிச்ச தடமே இல்லன்னு போலீஸ்காரரு சொல்றாரு. கண்ண தொறந்துக்கினு இருக்கறவன் நேராக் கொண்டு போயி பனமரத்துல வுடுவானா?"

பந்தலில் அழுகை அப்படியே நின்றது.

நேற்று மதியம் சவுக்குக் கட்டை பாரத்தோடு ஓடைப் பாலத்துச் சரிவில் இறங்கிய கலியமூர்த்தியின் லாரி, வளைவில் நிற்காமல் மரத்தில் மோதியது. ஸ்டியரிங் நெஞ்சில் ஏறிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் குடி தாங்காமல் மனைவி லோகநாயகி தன் அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். திருவந்திபுரத்தில் கற்பூரம் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று கலியமூர்த்தி சத்தியம் செய்தபோது கூட நின்றவன் அந்த அண்ணன் செந்தமிழ்செல்வன். அதை நம்பித்தான் தங்கச்சியைத் திரும்ப அனுப்பினான். செந்தமிழ்செல்வனும் மங்கலம்பேட்டையில் இருபது வருஷமாகக் கரும்பு லாரி ஓட்டுகிறவன். தடமில்லாத ரோட்டைப் பற்றி அவன் சொன்னால் ஊர் நம்பும்.

கொண்டு வந்த கோடி வேட்டியை நாற்காலியில் வைத்தான். "வாங்கியாந்துட்டேன். ஆனா சாமி மேல சத்தியம் பண்ணிட்டு குடிச்சிட்டுச் செத்தவனுக்கு என் கையால போடமாட்டேன்."

பெண் கொடுத்த வீட்டுக் கோடி விழாமல் பாடை எழாது. கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு குடிக்கலண்ணா," என்றாள் லோகநாயகி, தலைமாட்டிலிருந்து.

"நீ பாத்தியா?"

"காலயில கஞ்சி குடிச்சிட்டுத்தான் போனாரு."

"கஞ்சிக்கு மேல என்னா குடிச்சான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

மகன் ஜெயப்பிரகாஷ், அப்பாவின் கால் கட்டைவிரல் கட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலையிலிருந்து வண்டி கிளம்பும் வரை சவுக்குத் தோப்பில் அண்ணனோடு இருந்தவன் கொளஞ்சி. இரண்டு டீயைத் தவிர அண்ணன் எதையும் தொடவில்லை. அதைச் சொன்னால், தம்பிக்காரன் அப்படித்தான் சொல்லுவான் என்பார்கள். அவனுக்கு இன்னொன்றும் தெரியும். அதைச் சொன்னால் நம்புவார்கள்.

அண்ணனின் லாரி ராணுவத்தில் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வண்டி. நாலு வீலும் இழுக்கும். இருந்தும் மழை பெய்தால் தோப்பு மணலில் புதைந்துவிடும். புதைந்தால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவன் அண்ணன். மட்டை வெட்டிப் போட்டு, மண் தோண்டி, முதுகு கொடுத்துத் தள்ளுகிறவன் கொளஞ்சி. ஆவணியில் இருவரும் திருப்பாதிரிப்புலியூர் டயர் கடைக்குப் போனார்கள்.

"இப்ப இருக்கறது ஒம்போது இருபது சைசு," என்றார் கடைக்காரர். "பத்து இருபது போடுங்க, அலுங்காம ஒக்காரும். பதினொண்ணு இருபது போட்டா மணல்ல மெதந்துக்கினு போவும், ஆனா வீல முழுசா ஒடிச்சித் திருப்பினா உள்ள ஒரசும்."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். "தோண்டறவன் நீ. நீயே சொல்றா."

கொளஞ்சி அந்த உயர டயரின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தான். இடுப்பு வலித்துக்கொண்டிருந்தது. "பதினொண்ணே போட்டுடலாண்ணே."

முன் வீல் முழுக்க ஒடியாதபடி மிஸ்திரி ஸ்டாப்பர் போல்ட்டை வெளியே இழுத்து வைத்துக் கொடுத்தார். அதன் பிறகு வண்டி ஒருநாளும் புதையவில்லை. ஆனால் சவுக்கு வரிசைக்குள் திரும்பவும் இல்லை. நாலு தரம் முன்னே பின்னே போக வேண்டியிருந்தது. அண்ணன் காது கூசத் திட்டினான். ஒருநாள் அண்ணன் நிழலில் கண்ணசந்த நேரம், கொளஞ்சி ஸ்பேனரை எடுத்து இடப்பக்கத்து ஸ்டாப்பர் போல்ட்டை உள்ளே திருகி விட்டான். அடுத்த நடையில் வண்டி ஒரே வெட்டில் திரும்பியது.

"பழகிடிச்சிடா வண்டி!" என்று சிரித்தான் அண்ணன். கொளஞ்சியும் சிரித்தான்.

பத்து நாளைக்கு முன்னால், முன் வீல் பக்கம் பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் ஓஸில் டயர் உரசித் தேய்ந்த கோடு ஒன்றைக் கொளஞ்சி பார்த்தான். ரப்பரில் ரப்பர் உரசினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டான்.

"மச்சான்," என்றான் இப்போது. "ஓடப் பாலம் வரைக்கும் ஒரு நடை வாங்க."

"பொணத்தப் போட்டுட்டா?"

"வாங்க."

ஜெயப்பிரகாஷும் எழுந்து வந்தான். மூவரும் நடந்தார்கள். லாரி மரத்தைக் கட்டிக்கொண்டபடி நின்றிருந்தது. முன் வீல் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியபடியே இருந்தது. செந்தமிழ்செல்வன் மல்லாந்து அடியில் நுழைந்தான். அவன் கால் மட்டும் வெளியே தெரிந்தது. நெடுநேரம் அந்தக் கால் அசையவில்லை.

"ஓஸ் அறுந்திருக்கு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "டயர் தின்னுருக்கு. டயர் பூரா பிரேக் ஆயிலு."

"பழைய வண்டி மச்சான். ஒரே லைனு. ஒண்ணு போனா நாலு வீலு பிரேக்கும் போச்சி."

"அப்ப பெடலு சும்மா போயிருக்குமே." குரல் இறங்கியது. "மிதிச்சிருப்பானே மாப்ள. மிதிச்சிக்கினே போயிருப்பானே."

அவன் வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மண்.

"இம்மாம் பெரிய டயரப் போட்டுட்டு ஸ்டாப்பர் வைக்காம அனுப்பிருக்கான் பாரு, எவன் அந்த மிஸ்திரி? அவன் வூட்டு வாசல்லயே கொண்டுபோயி பொணத்த எறக்கறேன். ஜெயப்பிரகாசு, நம்பர் இருக்கா அவன் நம்பரு?"

ஜெயப்பிரகாஷ் போனை எடுத்துவிட்டான்.

கொளஞ்சி அந்தப் போனைப் பார்த்தான். அண்ணன் பேரில் இருந்த கறை போய்விட்டது. வாயை மூடிக்கொண்டால் இதோடு முடிந்தது. ஜெயப்பிரகாஷின் கட்டைவிரல் பேர்களைத் தள்ளிக்கொண்டே போனது.

"போன் பண்ணாதடா. அவரு வச்சித்தான் குடுத்தாரு."

இருவரும் திரும்பினார்கள்.

"அந்த போல்ட்ட நான்தான் உள்ள வுட்டேன். வண்டி திரும்பலன்னு. அண்ணனுக்குத் தெரியாது."

செந்தமிழ்செல்வன் கை ஓங்கினான். கொளஞ்சி முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கிய கை அப்படியே இருந்து, பிறகு லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டது. ஜெயப்பிரகாஷ் போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசல் குழாயில் செந்தமிழ்செல்வன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். ஆயில் வாடை போகாமல் மறுபடியும் கழுவினான். பிறகு கோடியைப் பிரித்துப் பிணத்தின் மேல் போர்த்தினான். "வண்டி பிரேக் வுட்டுடிச்சி," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "எம்மாப்ள குடிக்கல. எவனாவது இனிமே குடிச்சான்னு சொன்னா நான் மனுசனா இருக்கமாட்டேன்." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.

ஜெயப்பிரகாஷ் அம்மாவின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான். லோகநாயகி நிமிர்ந்து, கூட்டத்துக்குள் தேடி, கொளஞ்சியைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு கோடியின் மடிப்பை நீவிவிட ஆரம்பித்தாள்.

பறை அதிர்ந்தது. பாடையைத் தூக்கும்போது கொளஞ்சி பின்பக்கம் தன் இடத்துக்குப் போனான். அங்கே அதற்குள் வேறொருவன் தோள் கொடுத்திருந்தான். விலகச் சொல்லிக் கொளஞ்சியும் கேட்கவில்லை, அவனும் விலகவில்லை. கொளஞ்சி கையை நீட்டி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். கையில் பாரம் எதுவும் இல்லை.

யாரும் அந்தக் கையை எடுக்கச் சொல்லவில்லை.