பாசிக்கு அடியில்

கௌசிக் கடைசியாக எடுத்த சேற்றுக் குப்பியை எட்டு மாதமாகப் பிரியம்வதா தொடவில்லை. இன்று அவன் அப்பா விஸ்வநாதன் டாக்குரியா ஆய்வகத்துக்கே வந்து, "அதை ஒரு தடவை பாக்கணும்மா" என்று உட்கார்ந்துவிட்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனிதர். சும்மா எழுந்து போகிறவர் இல்லை.

திறந்ததும் ஸ்பிரிட் வாசனைதான் வந்தது. அவளுக்கோ பக்காலிக் கடற்கரையின் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மிதந்து வரும் கடற்பாசி அங்கே தண்ணீர் வடியும்போது சேற்றின்மேல் போர்வையாகப் படிந்துவிடும். அடியில் காற்றுப் போகாது. சேறு கறுக்கும், புழுக்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வரும். சேற்றில் கிடந்த சத்தெல்லாம் கசிந்து தண்ணீரில் கலந்து, மறுபடியும் பாசிக்கே தீனியாகும். அவளும் கௌசிக்கும் சேர்ந்து அதைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள்.

குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். ஸ்பிரிட்டில் பேனா மை கரைந்துவிடும். எட்டு மாதத்துக்கு முன் பென்சிலைத் தேடச் சோம்பல்பட்டுப் பேனாவால் எழுதினாள், எல்லாம் தெரிந்த பிரியம்வதா. மறுநாள் ஆய்வகத்தில் எது பாசிக்கு அடியில் எடுத்தது, எது வெறும் சேறு என்று தெரியவில்லை. கரையிலேயே தங்கியிருந்த கௌசிக்கைப் போனில் பிடித்து, மறுபடி எடுக்கச் சொன்னாள். புதுக் குப்பியைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சேறு எடுத்த இடத்தில் நட்டிருந்த அடையாளக் கழியைப் பிடுங்கத் திரும்பியவனை ஏறிவந்த தண்ணீர் கொண்டுபோயிற்று. "சரி, போறேன்" என்ற அவன் குரல் இன்னமும் சில மதியங்களில், அவள் சேறு சலிக்கும் குழாயடியில், காதருகே கேட்கிறது.

ஒரு துளிச் சேற்றை அவள் வைத்துக் கொடுக்க, விஸ்வநாதன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"இது என்ன ரோஸ் கலர்?"

"சாயம், மாமா. ஸ்பிரிட்லயே கலந்திருப்போம். எடுத்தப்போ உசிரோட இருந்ததுதான் அந்தக் கலர்ல தெரியும்."

"அவன் எடுத்தப்போ?"

"ஆமா, மாமா."

நெடுநேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பற்றிச் சொன்னார். "ஷியாமளா இன்னும் அவனைத்தான் திட்டிண்டிருக்கா. யார் பேச்சையும் கேக்காம ஓடினான், கடல் பைத்தியம்னு. படத்துக்கு ஒரு பூ வைக்க மாட்டேங்கறா."

பிரியம்வதா வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பழைய சீட்டுகளையும் அவளே கிழித்துப் போட்டாயிற்று.

"அவனாப் போகலை, மாமா. நான்தான் அனுப்பினேன். சீட்டைப் பேனாவால எழுதிக் கெடுத்தது நான்."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"இதை பவானிபூர் வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லு."

"எப்போ, மாமா?"

"இப்பவே."

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. கறுத்த துகள்களுக்கு நடுவே, பாசி இழையைச் சுற்றிக்கொண்டு கிடந்த இளஞ்சிவப்புப் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.