மூன்றேகால் மணி நேரம்

சித்தேரி மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது தீர்த்தம்மாளுக்குச் சேதி வந்தது. மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்த அவள் கணவன் மாதேஸ், பக்கவாதம் வந்து விழுந்துவிட்டான். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். உயிர் பிழைத்தது, இடது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. ஊருக்கு அனுப்பலாம் என்று சொன்ன டாக்டர், கூடவே ஒரு நர்ஸ் வர வேண்டும், விமானத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வார்டிலேயே கோகிலா என்ற நர்ஸ் இருந்தாள். கம்பைநல்லூர்க்காரி. சென்னையில் அக்கா வீட்டு வளைகாப்புக்குப் போக டிக்கெட் போட்டிருந்தவள், யாரும் கேட்காமலே, மாதேஸுக்குத் துணையாக வர அதைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் டிக்கெட் போனுக்கு வந்தது. மகள் ராதிகா படித்துக் காட்டினாள்.

"காலைல ஒம்பது மணிக்குக் கெளம்புதும்மா. மத்தியானம் ஒன்னே முக்காலுக்கு எறங்குது."

தீர்த்தம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஐந்து மணி நேரத்துக்குக் கால் மணிதான் குறைச்சல். உடனே கோகிலாவைப் போனில் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், நாலு மணி நேரத்துக்கு மேல ஒக்கார வெக்கக் கூடாதுன்னாங்களே. வேற ஏரோப்ளேன் பாக்கலாமுங்களா?"

"பயப்படாதீங்கக்கா. இங்க ஒம்பதுன்னா நம்மூர்ல பத்தரை. டிக்கெட்ல ஏறுற நேரம் இந்த ஊருக் கணக்கு, எறங்குற நேரம் நம்மூருக் கணக்கு. மூணேகால் மணி நேரந்தான்."

"எத்தன தூரமுங்க?"

"ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் வரும். அதுகூடப் பரவால்லக்கா. பெங்களூர்ல இருந்து மலை ஏறத்தான் அதவிட ஜாஸ்தி நேரமாகும். படுத்துட்டு வர்ற மாதிரி ஆம்புலன்ஸ் சொல்லிருங்க."

தீர்த்தம்மாளுக்கு அது தோன்றியே இருக்கவில்லை. அன்றைக்கே அரூரில் ஆம்புலன்ஸ் பேசி முடித்தாள்.

மறுநாள் பெங்களூர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வெளியே வந்தபோது மாதேஸ் பாதியாக இளைத்திருந்தான். தீர்த்தம்மாளைக் கண்டதும் உதடு கோணிக்கொண்டு போக, "சாமை அறுத்தாச்சா?" என்றான். குழறலாகத்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். பின்னால் நின்ற கோகிலாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வழியெல்லாம் நல்லாத் தூங்குனாருக்கா," என்றாள் கோகிலா. "ஆம்புலன்ஸ்ல எனக்கும் ஒரு எடம் குடுங்க. கம்பைநல்லூர் போற வழிதான?"

ஓசூர் தாண்டும்வரை கோகிலா அவன் காலை மடக்கி நீட்டிவிட்டாள். அதன் பிறகு தீர்த்தம்மாளைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். "காலைலயும் சாயங்காலமும் விடாம செய்யுங்க. நடந்துருவாரு," என்றாள். கிருஷ்ணகிரி வருவதற்குள் தீர்த்தம்மாளுக்குக் கை பழகிவிட்டது.

கம்பைநல்லூரில் விளக்கு வைக்கிற நேரம். தெருமுனையில் வண்டி நின்றது. கோகிலா வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், தீர்த்தம்மாள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வாசலில் கோகிலாவின் அம்மா நின்றிருந்தார்.

"யாரும்மா இது?"

"உங்க மக எங்க வூட்டுக்காரரக் கூட்டியாந்து சேத்துட்டாங்கம்மா," என்றாள் தீர்த்தம்மாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அந்த அம்மாவையும் கையெடுத்துக் கும்பிட்டாள்.