மணப்பெண் கொஞ்சம் வேகமாக வருகிறாள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதைக்காக நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். லிடியாவின் கல்யாணத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்ததுதான் கதை. தொடக்கம் மட்டும் சிக்க மாட்டேன் என்கிறது.

திண்டுக்கல் மலைக்கோட்டைமேல் காலை வெயில் பொன்னாய்...

(வேண்டாம். மலைக்கோட்டைக்கும் லிடியாவின் காலுக்கும் என்ன சம்பந்தம்?)

செம்பட்டி ரோட்டில் ஒரு வேன் அவள் ஸ்கூட்டியை...

(இதுவும் வேண்டாம். அழுகை வந்துவிடும். இது சந்தோஷமான கதை.)

2

நேராகவே சொல்கிறேன். லிடியா கணக்கு டீச்சர். விபத்தில் இடது கால் முறிந்து, கம்பி வைத்து, போன வருஷம் முழுக்க ஊன்றுகோலோடு நடந்தவள். கல்யாணத்தன்று கோல் இல்லாமல் பீடம் வரை நடந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். (மன்னிக்கவும், வேறு வார்த்தை தேடுகிறேன்.) பிடிவாதமாக இருந்தாள்.

"கோலோட ஒரு போட்டோகூட இருக்கக் கூடாது, ரொனால்டண்ணே."

பூ மார்க்கெட்டில் அவளைப் பார்த்திருக்கிறேன். மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே, கோலை ஜீனத்திடம் கொடுத்துவிட்டு, தூரத்து டீக்கடை போர்டைப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று போவாள். ஜீனத் அவளுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்; மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வருவாள். கால் முறிந்தது யாருக்கு என்று சந்தேகமே வந்துவிடும்.

3

கல்யாண ஒத்திகையில்தான் வினை வந்தது. எங்கள் பக்கம் மணப்பெண் என்றால் தலை குனிந்து அன்னநடை நடக்க வேண்டும். (அன்னம் நடந்து எங்கள் கோயில் பங்கில் யாரும் பார்த்ததில்லை.) லிடியாவின் அப்பா பாஸ்கல் என் காதோரம் வந்தார்.

"ஏலே ரொனால்டு, மெதுவா வாசி. புள்ள விழுந்துரக் கூடாது."

வாசித்தேன். பெஞ்சுக்குப் பெஞ்சு "பாத்து, கீழ பாத்து நட" என்றார்கள். அம்புட்டும் பாசம்! அவள் குனிந்தாள், மெதுவாக அடி வைத்தாள், ஒரு பக்கமாகச் சாய்ந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் நடந்தாள், மறுபடியும் சாய்ந்தாள். பாஸ்கல் கோலை எடுக்க ஓடினார். லிடியா அழுதுவிட்டாள்.

ஜீனத்துக்கு வந்ததே கோபம்! "மெதுவா நடந்தா ஒத்தக்கால்ல நிக்கிற நேரந்தான கூடுது, அங்கிள்? குனிஞ்சு காலையே பாத்தா அவ உடம்பு ஆடுது. அவ வேகத்துல விடுங்க, நிமிந்து பாக்கட்டும்."

"கல்யாணப் பொண்ணு அம்புட்டு வேகமா போனா ஊரு சிரிக்காதா?"

(பாஸ்கலை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். அன்றைக்கு மனுஷன் மண்டி போட்டு மகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டதைப் பார்த்தபின் மனசு வரவில்லை.)

4

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவள் விழப்போகிறாள். மணமகன் ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு... (சினிமா. அடித்துவிட்டேன்.)

கோலை ஊன்றியே நடக்கிறாள். அதுவும் ஓர் அழகு என்று எல்லாரும்... (லிடியா படித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.)

5

கல்யாண நாள். வாசலில் லிடியாவும் பாஸ்கலும். கோல் ஜீனத் கையில். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பிலேயே லிடியாவின் கண் தரைக்குப் போனது, தோள் சாய்ந்தது.

ஆனது ஆகட்டும் என்று பாட்டின் வேகத்தை ஏற்றினேன். பாடகர் குழுவின் அல்போன்சா டீச்சர் என்னை எரித்துவிடுவதுபோல முறைத்தார். வேறு வழி? குழுவும் வேகமாகப் பாடியது. லிடியா நிமிர்ந்தாள். பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை பிரான்சிஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். அவனையே பார்த்து நடந்தாள். கால் நேராக விழுந்தது. பாஸ்கல் ஒரு கையில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"செத்த மெதுவா, தாயி!"

"நீங்க வாங்கப்பா!"

ஊர் சிரிக்கத்தான் செய்தது. கையும் தட்டியது. எனக்கு என்றால் கண்ணில் தண்ணீர்.

இதோ, முன்வரிசைப் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். இதற்குமேல் என்னால் எழுத முடியாது, இரண்டு கையும் கீபோர்டில் இருக்கிறது. மிச்ச தூரத்தை நீங்கள்தான் நடத்தி வைக்க வேண்டும். நீங்கள் படிக்கிற வேகம்தான் இனி அவள் வேகம். என்ன ஆகுமோ என்று பயந்து எழுத்து எழுத்தாகக் குனிந்து பார்த்துப் போனீர்களானால் ஆடிவிடுவாள். நிமிருங்கள். பிரான்சிஸ் கையை நீட்டிவிட்டான்.

ம், வெரசா வாங்க