லொரீனாவின் புள்ளி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. போன செவ்வாய்க்கிழமை மார்லா போன் செய்தாள், அதனால் எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் காலமான என் நண்பர் வெர்லின் ட்ராட்மனின் ஒரே மகள் அவள்.

"பெரி, அப்பாவோட அம்பத்தாறாம் வருஷத்து அரை டாலர் என்கிட்ட இருக்கு. அதுல அம்மாவோட புள்ளி ஒண்ணு இருக்குன்னு கடைசி நாள்ல சொன்னார். நானும் பூதக்கண்ணாடி வச்சுத் தேடித் தேடிப் பாக்குறேன், கண்ணுல படவே மாட்டேங்குது. 'பெரியைக் கேளு, அவனுக்குத் தெரியும்'னார். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரட்டுமா?"

"வாம்மா," என்றேன். வேறென்ன சொல்ல?

(பெருமாள்சாமி என்ற என் பெயரை ஓஹையோ மாநிலத்து லைமா ஊர் நாணயச் சங்கத்தார் முதல் கூட்டத்திலேயே 'பெரி' ஆக்கிவிட்டார்கள். முப்பத்தோரு வருடமாக அப்படியே இருந்துவருகிறேன்.)

இன்று வெள்ளி. அந்தக் காசில் புள்ளி இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு ஒரு பதில் வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "ஓஹையோவின் பனிக்காலக் காலையொன்றில், வெள்ளியின் மேல் படிந்த வெண்பனியாய்..." சீ. கேமியோக் காசைப் பற்றி எழுத உட்காருகிறவன் எல்லாம் இந்தப் பனியில்தான் வழுக்கி விழுகிறான். அடித்தாயிற்று.

இரண்டாவது: "வெர்லின் நல்ல மனிதர்." உண்மைதான். ஆனால் செத்தவர்கள் எல்லாரையும் அப்படித்தானே சொல்கிறோம். அதையும் அடித்தாயிற்று.

மூன்றாவது கொஞ்சம் தேவலை:

புதிதாகத் தயாரித்த அச்சில் முதலில் அடிக்கிற கொஞ்சம் காசுகளில்தான் கேமியோ விழும். முகத்தைச் சுற்றிய வெற்றுத் தரை கண்ணாடியாகக் கறுத்து மின்ன, முகம் மட்டும் பனிபூத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். அப்புறம் அச்சு தேய்ந்துவிடும். முகமும் தரையும் ஒரே பளபளப்பாகிவிடும். அதே வருடம், அதே நாணயச்சாலை, அதே காசுதான், ஆனால் அந்த முகம் இருக்காது. நூற்றுக்கணக்கில் புரட்டினால் ஒன்று அகப்படலாம். அந்த ஒன்றுக்காக வெர்லின் நாற்பது வருடம் ஊர் ஊராகக் கண்காட்சிகளுக்கு அலைந்தார்.

3

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். உறையிலிருந்து வெளியே எடுத்த காசுக்கு முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி முளைக்கும். அதனால் காசு திறந்திருந்தால் ஒரு விரலைத் தூக்குவோம். எங்கள் கூட்டம் நடக்கும் தேவாலயத்தின் அடித்தள அறையில் இருபது கிழவர்கள் விரலைத் தூக்கிக்கொண்டு ஊமையாக நிற்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.*

* வெர்லினின் மனைவி லொரீனாவுக்கு வரும். "மேல பிரசங்கம் நடக்கறப்பகூட இந்த ஆளுங்க இவ்வளவு அடக்கமா இருந்து நான் பாத்ததில்ல," என்பார்.

ஓர் அக்டோபரில் வெர்லின் சமையலறை மேசையில் அந்த அரை டாலரைத் திறந்து வைத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. லொரீனா பேசி முடித்துவிட்டு வந்து, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, "வெர்லின்," என்றார்.

வெர்லின் திரும்பாமலே விரலைத் தூக்கினார்.

லொரீனா நின்றார். எவ்வளவு நேரமென்றால், [இங்கே நல்ல உவமை ஒன்று வேண்டும். வேண்டாம், விட்டுத் தொலைக்கிறேன்.] பிறகு போய் அடுப்பிலிருந்த நூடுல்ஸைக் கிளறினார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்.

"ரிசல்ட் வந்துடுச்சு. கணையத்துல கட்டியாம்."

"அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"காசு திறந்திருந்துச்சே."

வசந்தம் வருவதற்குள் லொரீனா போய்விட்டார். அந்தக் கோடையில்தான் காசில், முகத்தின் மோவாய்க்கு எதிரே, கடுகில் பாதி அளவுக்கு அந்தப் புள்ளி வந்தது. 'அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டது இதில் இருக்கிறது' என்று வெர்லின் மகளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்டோபரில் நடந்ததெல்லாம் மார்லா செவ்வாயன்று போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

(அது லொரீனாவின் எச்சில்தானா? வெர்லினே தும்மியதாக இருக்கலாம். முன்பு அதை வைத்திருந்த எவனோ இருமியதாகவும் இருக்கலாம். யார் கண்டது? வெர்லின் கண்டார். போதாதா?)

4

இனி ஒரு பாத்திரம் வர வேண்டும். நார்பர்ட் என்று பெயர் வைக்கிறேன்.

லொரீனா போன மறு வருடம், சங்கத்துக் கண்காட்சிக்குப் படம் எடுக்க வெர்லின் அந்தக் காசை நார்பர்ட்டிடம் கொடுத்தார். நார்பர்ட் புள்ளியைப் பார்த்தான். இவ்வளவு அருமையான முகத்துக்கு எதிரே இப்படி ஒரு கறையா என்று அவனுக்கு வயிறு எரிந்தது. பாவம், பெண்டாட்டியை இழந்த மனுஷன், நம்மாலான ஒரு உபகாரம் செய்வோம் என்று நினைத்தான். அமிலக் கரைசலில் நாலு விநாடி, பிறகு தண்ணீர், பிறகு மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தான். புள்ளி போயே போய்விட்டது. பனிப்பூச்சு துளிகூடக் குலையவில்லை. கைவேலை என்றால் அது கைவேலை.

[இந்த நார்பர்ட்டை நம்ப முடியவில்லை. அடுத்தவர் காசைக் கேட்காமல் ஒருவன் தொடுவானா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? மடையன். வாசகர் நம்ப வேண்டுமானால் இவனுக்கு வலுவான காரணம் ஏதாவது]

காரணமும் கிடையாது, நார்பர்ட்டும் கிடையாது. நான்தான்.

5

பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெர்லின் உறையைத் திறந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

"எப்படி? பாத்தீங்களா..." என்று ஆரம்பித்தேன். விரலைத் தூக்கினார்.

காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் இறங்கவில்லை. அப்புறம் காசை உறையில் போட்டு மூடினார்.

"சுத்தமா பண்ணியிருக்கே, பெரி," என்றார். "பை சாப்பிடுறியா? செர்ரி. கடையில வாங்கினதுதான், முன்ன மாதிரி இருக்காது."

அந்தப் பழப் பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஆள் சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். அதற்கப்புறம் ஆறு வருடம் மாதாமாதம் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

'பெரியைக் கேளு, அவனுக்குத் தெரியும்.' மருந்து மயக்கத்தில் புள்ளி போனதே மறந்துவிட்டதா அவருக்கு? இல்லை, அவனே அவன் வாயால் சொல்லட்டும் என்று விட்டுப் போனாரா? செத்துப்போனவரை உலுக்கியா கேட்க முடியும்?

6

முடிவுகள்.

அ. சொல்லிவிடுகிறேன். "மார்லா, அதை நான்தான் அழிச்சேன்." அழுவாள். மன்னிப்பாளோ மாட்டாளோ, அது வேறு விஷயம். அப்பா போயே மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் அம்மாவையும் அவள் கையிலிருந்து பிடுங்க என்னால்

ஆ. பொய் சொல்கிறேன். மோவாய்க்கு எதிரே வெறும் தரையைக் காட்டி, "இதோ, ரொம்பப் பொடிசு, பழகின கண்ணுக்குத்தான் தெரியும்," என்கிறேன். நம்பிவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இ. இது நான் யோசித்ததல்ல, எழுதும்போது தானாக வந்தது.

ஞாயிறு, மதியம் மூன்று மணி. மார்லா என் மேசைமேல் காசைத் திறந்து வைக்கிறாள். சின்ன வயதில் அப்பாவின் அந்த விரலைக் கண்டாலே எரிச்சலாகி வெளியே ஓடியவள். வழக்கமெல்லாம் அவளுக்கு நினைவில்லை. அம்மாவைப் போலவே குனிகிறாள். காசின்மேல் மூச்சுப் படும்படி கேட்கிறாள்.

"எங்க, பெரி? எந்த இடத்துல இருக்கு?"

நான் விரலைத் தூக்க வேண்டும். முப்பத்தோரு வருடப் பழக்கம், கை தானாக எழும்புகிறது. அதை மேசைக்கடியில் முட்டிக்கால்களுக்கு நடுவே அழுத்திக்கொள்கிறேன். கேட்கட்டும். இன்னும் நாலு தடவை கேட்கட்டும். ஆறு மாதத்தில் அங்கே ஒரு புள்ளி வரும். அது லொரீனாவுடையதாக இருக்காது. ஆனால் லொரீனாவைத் தேடியதால் வந்ததாக இருக்கும்.

இந்த முடிவிலும் அவள் நிமிர்ந்து என் முகத்தைத்தான் பார்க்கிறாள். இவ்வளவு எழுதியும் எனக்கு வாய் வரவில்லை. காசு திறந்திருக்கிறது, அதையே சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன் போலிருக்கிறது. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.